உப்புத் தவிடு

டேப்பைப் பன்றியின் நெஞ்சைச் சுற்றி இழுத்துப் பிடித்ததுமே அவருக்கு விஷயம் விளங்கிவிட்டது. வயிறு இரண்டு பக்கமும் பிதுங்கி நின்றது. விரலால் சுண்டினால் நிறைகுடத்தைச் சுண்டியதுபோல் சத்தம் வந்தது. மூக்கு நுனியில் தவிடு ஈரமாக ஒட்டியிருந்தது. தண்ணீர்த் தொட்டியோ துடைத்து வைத்ததுபோல் காலி. பன்றியின் சொந்தக்காரி ஒரு தையல்காரி. பின்கட்டுக் கதவில் சாய்ந்துகொண்டு, ஒன்றும் அறியாத பச்சைப்பிள்ளை முகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கழுத்திலும் ஒரு டேப் தொங்கியது. அளவெடுக்கிற வேலையில் அவளும் லேசுப்பட்டவள் இல்லை.

அவர் டேப்பைச் சுருட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, உட்கார ஒரு நாற்காலி கிடைக்குமா என்று கேட்டார். எதற்கு என்றாள். "வயித்துக்குக் கழிச்சுக்குவமா, இல்ல நான் கொஞ்ச நேரம் உக்காந்திருக்கட்டுமா?" என்றார். இருபத்தைந்து வருடமாக அவர் எல்லா வீட்டிலும் சொல்கிற வாசகம் இது. தையல்காரிக்கு முகம் சிவந்தது. கழிக்கவும் மனசில்லை, ஒப்புக்கொள்ளவும் மனசில்லை. நாற்காலியைக் கொண்டுவந்து போட்டாள். டீயும் வந்தது. டீயை ஆற்றி ஆற்றிக் குடித்தபடி அவர் கொட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஒரு அவசரமும் இல்லை. அவசரமெல்லாம் பன்றிக்குத்தான். அது ஒரு மூலையில் போய் நின்று, குழாயைத் திறந்துவிட்டதுபோல் நெடுநேரம் மூத்திரம் பெய்தது. தையல்காரி தாங்க மாட்டாமல் சிரித்துவிட்டாள். அவரும் சிரித்துக்கொண்டே எழுந்து மறுபடி டேப்பைச் சுற்றினார்.

ஊரின் ஓரங்களில் இருக்கிற வீடுகளில் பின்பக்கம் ஒன்றோ இரண்டோ பன்றி வளர்ப்பார்கள். கறிக்கடை அவற்றை வாங்கிக்கொள்ளும். பன்றியைத் தராசில் ஏற்றி நிறுத்துவதற்குள் மனுஷனுக்கு உயிர் போய்விடும் என்பதால், கடைக்காரர் இவரை அனுப்புவார். நெஞ்சின் சுற்றளவு, காதுகளுக்கு நடுவிலிருந்து வால் முளைக்கிற இடம்வரை நீளம், இந்த இரண்டையும் வைத்து ஒரு பெருக்கல். வருவது உயிர் எடை. அதில் ரத்தமும் குடலும் தலையும் போகும். பிறகு எலும்பும் கொழுப்பும் போகும். நூறு கிலோப் பன்றியில் பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் சட்டிக்கு வந்து சேரும். கணக்கு யாருக்கும் வரும். ஆனால் வயிற்றுக்குள் இருப்பது தண்ணீரா தீனியா, முதுகில் இருப்பது சதையா கொழுப்பா என்று கணக்குக்குத் தெரியாது. அதற்குத்தான் அவர். ஊரில் அவருக்குப் பெயரே டேப்பு என்று ஆகிவிட்டது. அவர் மனைவியும் கொஞ்சுகிறபோதும் சண்டைபோடுகிறபோதும் அப்படித்தான் கூப்பிடுவாள்.

உப்புத் தவிட்டை அந்தத் தொழிலில் யாரும் திருட்டு என்று சொல்ல மாட்டார்கள். அளக்க ஆள் வருகிற அன்று தவிட்டில் கைநிறைய உப்பைப் போட்டுப் பிசைந்து வைத்தால் பன்றி தாகத்தில் தொட்டியையே குடித்துத் தீர்க்கும். நாலு கிலோ சுளையாக ஏறும். ஒருமுறையாவது செய்து பார்க்காத வீடு கிடையாது. அவர் மனைவியின் வீட்டிலும் செய்தார்கள். செய்ததே அவள்தான். அப்போது அவர் தொழிலுக்குப் புதிது. டேப்பைச் சுற்றும்போதே பார்த்தார், கொட்டில் சுவருக்கு அந்தப் பக்கம் நின்ற பெண்ணின் விரல்களில் உப்பு ஒட்டியிருந்தது. பக்கத்தில் அவளுடைய அப்பா. அந்த மனிதர் எதற்கெடுத்தாலும் கையை ஓங்குகிறவர். வெளியாள் முன்னால் மானம் போனால் சாயங்காலம் அவளுக்கு என்ன நடக்கும் என்பது அவள் நின்ற நிலையிலேயே தெரிந்தது. அவர் வாயை மூடிக்கொண்டு முழு எடையையும் சொல்லிவிட்டு வந்தார். அறுத்துத் தொங்கவிட்டபோது குறைந்தது. கடைக்காரர் அவரைக் கிழிகிழியென்று கிழித்தார். அதற்குப் பிறகும் புத்தி வராமல், அளப்பதற்குப் பன்றியே இல்லாத அந்த வீட்டுக்கு அடுத்த வாரமும் போனார். அவளைக் கட்டிக்கொண்டதுதான் அதில் முடிந்த கதை. வேறு எந்த வீட்டுக்கும் அவர் அப்படி வாயை மூடியதில்லை.

அவர்கள் வீட்டுப் பின்புறத்திலும் ஒரு கொட்டில் உண்டு. வருடத்துக்கு ஒரு பன்றி. அது முழுக்க அவளுடைய ராஜ்ஜியம். அந்தப் பன்றிமேல் டேப் படக்கூடாது என்பது சட்டம். டேப்பை நம்பினால் கண் சோம்பேறியாகிவிடும் என்பது அவள் கட்சி. கடைக்குப் போகிற நாளுக்கு முன்னால் சுவரில் கையை ஊன்றி நின்று, தலையைச் சாய்த்துப் பார்த்து, கறி இத்தனை கிலோ தேறும் என்று சொல்லுவாள். பிறகு அவர் சொல்ல வேண்டும். கறியை நிறுத்துப் பார்க்கும்போது யார் சொன்னது அதிகம் தள்ளிப்போகிறதோ அவர் ஒரு வாரம் பாத்திரம் தேய்க்க வேண்டும். ஊருக்கெல்லாம் எடை சொல்கிறவர் வீட்டில் பெரும்பாலும் பாத்திரம் தேய்த்தார். அவளை ஜெயிக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை.

இந்த வருடத்துப் பன்றியை அவள் கொண்டுவந்தபோது அது உள்ளங்கையில் அடங்கும். ஈன்ற குட்டிகளில் கடைசி. தாயின் மடியில் இடம் கிடைக்காமல் மற்ற குட்டிகளின் காலடியில் மிதிபட்டுக் கிடந்தது. புட்டிப்பால் கொடுத்துத் தேற்றினாள். அது தேறி ஓடத் தொடங்கிய சமயத்தில்தான் அவளுக்குச் சாப்பாடு நெஞ்சிலேயே நிற்கத் தொடங்கியது. முதலில் வாயு என்றார்கள். பிறகு புண் என்றார்கள். பிறகு பெரிய ஆஸ்பத்திரியில் வயிற்றில் பாதியை எடுத்துவிட்டு, மிச்சத்துக்கு ஊசி போட வேண்டும் என்றார்கள். ஊசி என்றால் இடுப்பில் குத்திவிட்டு அனுப்புகிற ஊசி இல்லை. நாற்காலியில் சாய்த்து உட்காரவைத்து, காலையிலிருந்து சாயங்காலம்வரை சொட்டுச் சொட்டாக ஏற்றுவது. ஒவ்வொரு முறையும் முதல் வேலை எடை பார்ப்பது.

அங்கே அவளுக்கு ஒரு சிநேகிதி கிடைத்தாள். பக்கத்து நாற்காலிக்காரி, பள்ளிக்கூட ஆயா. இரண்டு பேரும் டாக்டரைப் போலப் பேசிக்காட்டிச் சிரித்துக்கொள்வார்கள். ஒருநாள் ஆயாவை எடை பார்த்துவிட்டு, உடம்பு கொஞ்சம் தேறட்டும், வீட்டில் இருந்துவிட்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்பினார்கள். ஆயா போகும்போது இவள் கையைப் பிடித்து, அடுத்த தடவை பார்க்கலாம் என்றாள். அடுத்த தடவை அந்த நாற்காலியில் வேறு ஆள் இருந்தது. அதற்கடுத்த தடவையும் ஆயா வரவில்லை. நர்ஸிடம் விசாரித்தபோது நர்ஸ் ஊசிப் பையைச் சரிசெய்வதுபோல் திரும்பிக்கொண்டாள். நாற்பத்தைந்து கிலோவுக்குக் கீழே போனால் ஊசி போட மாட்டார்கள் என்பதை இவள் அன்று யாரிடமோ கேட்டுத் தெரிந்துகொண்டாள். வீட்டுக்கு வந்து அவரிடம் ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னாள். "வீட்டுக்கு அனுப்புறாங்கன்னா கைவிட்டாச்சுன்னு அர்த்தம்."

அவருடைய கஷ்டம் வேறு மாதிரி. கடைக்காரர் சம்பளம் கொடுப்பது அவர் கண்ணுக்கு. அந்தக் கண்ணை வீட்டுக்கு வந்ததும் கழற்றி ஆணியில் மாட்ட வழியில்லை. அவள் குனிந்து வாளியை எடுத்தால் முதுகில் எத்தனை எலும்பு தெரிகிறது என்று அது பார்த்தது. சட்டைக் கழுத்து எவ்வளவு இறங்கியிருக்கிறது, வளையல் முழங்கைவரை ஏறுகிறதா என்று பார்த்தது. சாப்பிடும்போது அவளைப் பார்க்காமல் தட்டையே பார்த்துச் சாப்பிடப் பழகினார். ஏன் இப்படித் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிடுகிறீர்கள், குழம்பில் ஏதாவது விழுந்துகிடக்கிறதா என்று அவள் கேட்டாள். இல்லை என்றார். அதற்குள் கண் பார்த்து முடித்திருந்தது. நாற்பத்திரண்டு. அவர் கேட்காமலே அது சொல்லியது.

அதனால் அந்த முறை ஆஸ்பத்திரியில் நர்ஸ் எடை மெஷினைக் குனிந்து பார்த்து, "நாப்பத்தாறு. ஒரு கிலோ கூடியிருக்கே" என்றபோது அவருக்குக் காதில் விழுந்தது மண்டைக்குள் ஏறவில்லை. டாக்டரம்மா அவள் தோளில் தட்டிக்கொடுத்தார். சிடுசிடுவென்று இருக்கிற அந்த அம்மா சிரித்தே அன்றுதான் அவர்கள் பார்த்தார்கள். சாயங்காலம் வெளியூரில் இருக்கிற மகனுக்கு அவளே போன் போட்டாள். அவன் எப்போதும் முதலில் கேட்பது அம்மாவுக்கு எடை என்ன என்பதுதான். கூடியிருக்கிறது என்றதும் அந்தப் பக்கம் அவன் குரல் உடைந்தது இவருக்கே கேட்டது. போனை வைத்துவிட்டு அவள் இவரைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள். "என்ன டேப்பு, நீங்க மூஞ்சிய தொங்கப்போட்டதெல்லாம் வீணாப் போச்சா? கண்ணு மங்கிடுச்சு உங்களுக்கு. கண்ணாடி போடுங்க."

மங்கியிருக்கட்டும் என்று அவர் உள்ளூர ஆசைப்பட்டார். அவ்வளவு ஆசையாக அவர் எதையும் விரும்பியதில்லை. அந்த வாரம் தையல்காரியின் பன்றி கடைக்கு வந்தது. சாதாரணமாக எடை சொன்னதோடு அவர் வேலை முடிந்தது. வெட்டுகிற இடத்துக்கு அவர் போவதில்லை. அன்று போனார். சுத்தம் செய்து இரண்டாகப் பிளந்து கொக்கியில் தொங்கவிடும்வரை, கழுவிவிட்ட ஈரத் தரையில் ஓரமாக நின்றார். தராசு முள் ஆடி நிற்கும்போது தன் கணக்கு நாலு கிலோ, ஐந்து கிலோ தள்ளிப்போக வேண்டும், கடைக்காரர் பழையபடி கிழிகிழியென்று கிழிக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டார். முள் நின்றது. அவர் சொன்னதற்கும் அதற்கும் அரைக் கிலோகூட வித்தியாசமில்லை. கடைக்காரர் அவர் முதுகில் ஒரு போடு போட்டு, இந்தக் கண்ணை எனக்கு எழுதிவைத்துவிட்டுச் சாவு என்றார். வெட்டுகிற ஆட்கள் சிரித்தார்கள். அவர் வெளியே வந்து, கையைக் கழுவுகிற குழாயைத் திறந்துவைத்துக்கொண்டு நெடுநேரம் முகத்தைக் கழுவினார்.

ஆனாலும் மனசு விட்டுக்கொடுக்கவில்லை. பன்றிக்கு அளக்கிற கண் வேறு, மனுஷிக்கு வேறு என்று சொல்லிப்பார்த்தார். பொண்டாட்டியைப் பார்க்கும்போது பயம் சேர்ந்துகொள்கிறது, பயம் எடையைக் குறைத்துக் காட்டும் என்று சொல்லிப்பார்த்தார். அந்த ஊசிக்குப் பிறகு அவள் பட்ட பாடு அதற்கு முன் எப்போதும் படாதது. வாயெல்லாம் புண். தண்ணீர் குடித்தாலே கண்ணில் நீர் வரும். படுக்கையிலிருந்து கழிவறைக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டு போவாள், பாதி வழியில் உட்கார்ந்துவிடுவாள். மருந்து வேலை செய்கிறது, அதுதான் இப்படி என்றாள் அவள். கூடிய உடம்பு இப்படியா இருக்கும் என்று அவர் கேட்கவில்லை. அடுப்பில் தவிட்டைக் கொதிக்கவைத்துக் கொட்டிலுக்குக் கொண்டுபோனார். அவள் ஜன்னலில் இருந்தபடி, சூடு ஆறவில்லை, வாயைச் சுட்டுக்கொள்ளப் போகிறது, கையை விட்டுப் பாருங்கள் என்று அதிகாரம் செய்தாள். அந்தக் குரலில் மட்டும் எடை குறையாமல் இருந்தது.

மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போகிற நாள் காலையில் அவர் பஸ்ஸுக்குச் சில்லறை தேடிக்கொண்டு சமையலறைப் பக்கம் போனார். அவள் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். மேடைமேல் கஞ்சிக் கிண்ணம். கிண்ணத்துக்குப் பக்கத்தில் உப்பு ஜாடி திறந்திருந்தது. அவள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு ஒரு டம்ளர் தண்ணீரைக் குடித்தாள். புண்ணான வாயில் அந்த உப்புக் கஞ்சி எப்படி எரிந்திருக்கும். பல்லைக் கடித்து ஒரு நிமிடம் மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டு, இன்னொரு டம்ளர் ஊற்றினாள். பிறகு பழைய தராசின் இரும்புப் படிக்கற்களை அலமாரியிலிருந்து எடுத்து, ஒரு துணிப்பட்டியில் வரிசையாகச் சுற்றி, உள்பாவாடைக்குமேல் இடுப்பில் கட்டினாள். அதன்மேல் பெரிய கம்பளிச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டாள். கட்டியது தெரிகிறதா என்று தண்ணீர்க் குடத்தின் பளபளப்பில் பக்கவாட்டில் திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

அவர் வந்த சுவடு தெரியாமல் வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றார். கண் மங்கவில்லை என்பது உறுதியாகிவிட்டது. அவளிடம் கேட்டுவிடலாம் என்று பஸ்ஸில் இரண்டு மூன்று தடவை வாயெடுத்தார். அவள் அன்று நிறையப் பேசினாள். மகன் வரும்போது கொட்டில் கூரையை மாற்றச்சொல்ல வேண்டும் என்றாள். பன்றி எப்படி வளர்ந்துவிட்டது பார்த்தீர்களா, போன வருடத்தை அடித்துவிடும் என்றாள். பஸ் பள்ளத்தில் இறங்கி ஏறும்போதெல்லாம் இடுப்பைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். சத்தம் கேட்டுவிடக்கூடாதே என்று. அவளுக்கு இன்னும் கொஞ்ச நாள் வேண்டும். வேறு எதுவும் இல்லை. அதற்கு அவளுக்குத் தெரிந்த ஒரே வழி இதுதான், சின்ன வயதில் கற்றுக்கொண்டது. அவர் பேசாமல் வந்தார். ஒருமுறை வாயை மூடியவர் இன்னொரு முறை மூடினால் என்ன என்று மனசு வாதாடியது. நாலஞ்சு கிலோதானே.

நர்ஸ் நாற்பத்தாறரை என்றாள். டாக்டரம்மா முகம் மலர்ந்தது. மெலிந்துகொண்டே போகிறவர்களையே பார்த்துப் பார்த்து அவருக்கும் அலுத்திருக்கும். எல்லோருக்கும் உங்களைக் காட்டி உதாரணம் சொல்லப்போகிறேன் என்றார். பிறகு கணக்கு மெஷினைத் தட்டிக்கொண்டே, பேச்சோடு பேச்சாகச் சொன்னார். "எடைக்குத் தகுந்த மாதிரிதான் இந்த மருந்து. கூடியிருக்கிறதால இந்தத் தடவை அளவக் கொஞ்சம் கூட்டிடலாம். உடம்பு தாங்கும்."

போன தடவை அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தது, பாதி வழியில் தரையில் உட்கார்ந்தது, தண்ணீருக்கு அழுதது எல்லாம் அவருக்குள் ஒன்றோடொன்று வந்து சேர்ந்தன. இல்லாத உடம்புக்கும் சேர்த்து மருந்து ஏற்றியிருக்கிறார்கள். இரும்புப் படிக்கல்லுக்கும் உப்புத் தண்ணீருக்கும் விஷம் ஏறாது. ஏறியதெல்லாம் இவளுக்குத்தான் ஏறியிருக்கிறது. அவளைப் பார்த்தார். அவளும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவருக்குத் தெரியும் என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவள் தலையை அசைக்கவில்லை. கண்ணால் மட்டும் கெஞ்சினாள். கொட்டில் சுவருக்கு அந்தப் பக்கம் நின்ற பெண் அப்படித்தான் பார்த்தாள்.

"டாக்டர், அஞ்சு கிலோ கழிச்சுக்கங்க" என்றார் அவர்.

டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை. என்ன கழிப்பது என்று கேட்டார். டாக்டரம்மா இவரையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். கடைசியில் அவளே எழுந்தாள். கம்பளிச் சட்டையைத் தூக்கி, துணிப்பட்டியின் முடிச்சை அவிழ்த்தாள். படிக்கற்கள் மேஜைமேல் ஒவ்வொன்றாக வைக்கப்பட்டன. பெரிய கல்லை வைக்கும்போது மட்டும் டக்கென்று சத்தம் வந்தது. டாக்டரம்மா கணக்கு மெஷினை மெதுவாகத் தள்ளிவைத்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மறுபடி எடை பார்த்தார்கள். பிறகு டாக்டரம்மா அவள் கையைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டு, உடம்பு கொஞ்சம் தேறட்டும், வீட்டில் இருங்கள், வலிக்கு மாத்திரை தருகிறேன் என்றார். அந்த வார்த்தைகளை அவள் முன்பே கேட்டிருக்கிறாள். பக்கத்து நாற்காலியில் வேறொருத்திக்குச் சொன்னபோது கேட்டிருக்கிறாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் கூட்டமில்லை. படிக்கற்கள் அவர் மடியில் பையில் இருந்தன. அவள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். பாதி வழியில் வெளியே பார்த்தபடியே கேட்டாள்.

"அன்னிக்கு எங்கப்பா முன்னால வாயத் திறக்கல. இன்னிக்கு மட்டும் ஏன் திறந்தீங்க?"

"அது பன்னி" என்றார்.

கொஞ்ச நேரத்தில் அவள் தோள் குலுங்கியது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று குனிந்து பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை. தான் செய்தது சரிதானா என்று அன்றும் தெரியவில்லை, அதற்குப் பிறகும் தெரியவில்லை. வாயை மூடியிருந்தால் மருந்து கொன்றிருக்கும். திறந்ததால் நம்பிக்கை போனது. இரண்டில் எது கனம் என்று நிறுத்துப் பார்க்க அவரிடம் எதுவும் இல்லை. அவள் கோபப்பட்டுப் பேசாமல் இருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது. அவள் கோபப்படவும் இல்லை. வீட்டுக்கு வந்ததும் வாய்ப்புண்ணுக்கு மருந்து தடவிவிடச் சொல்லி அவர் முன்னால் குழந்தைபோல் வாயைத் திறந்து காட்டினாள்.

அதற்குப் பிறகு அவள் கட்டிலைவிட்டு அதிகம் இறங்கவில்லை. அவர் வேலைக்குப் போவதைக் குறைத்துக்கொண்டார். கஞ்சி வைத்தார், துணி துவைத்தார், தவிடு கொதிக்கவைத்தார். மகன் லீவு சொல்லிவிட்டு வருவதாகப் போன் செய்தான். இந்த முறை அவன் எடையைக் கேட்கவில்லை. கறிக்கடைக்காரர் ஒருநாள் அவளைப் பார்க்க வந்தார். வந்தவர் சும்மா இருக்காமல் கொட்டிலையும் எட்டிப்பார்த்து, பன்றி பக்குவமாக இருக்கிறது, இதற்குமேல் போட்டால் கொழுப்புதான் ஏறும், எப்போது அனுப்புகிறீர்கள் என்று கேட்டார். இந்த நேரத்தில் கேட்கிற கேள்வியா என்று இவர் பல்லைக் கடித்தார். ஆனால் உள்ளே இருந்து அவளே பதில் சொன்னாள். இந்த வாரமே அனுப்பிவிடலாம் என்றாள். கடைக்காரர் போன பிறகு அவர் கட்டில் ஓரத்தில் வந்து உட்கார்ந்தார். இப்போது என்ன அவசரம் என்று கேட்டார்.

"ரெண்டு பேரையும் உங்களால பாக்க முடியாதுங்க" என்றாள். பிறகு, "ஆனா நான் பாத்துச் சொல்லாம அனுப்பக் கூடாது" என்றாள்.

மறுநாள் மத்தியானம் வெயில் கொஞ்சம் தணிந்ததும், கொட்டிலுக்குப் போக வேண்டும் என்றாள். கட்டிலிலிருந்து காலைக் கீழே வைத்தாள். எழுந்து நிற்க முழங்கால் ஒத்துழைக்கவில்லை. இரண்டு முறை முயன்றுவிட்டு, தன் காலைப் பார்த்தே வெட்கப்பட்டதுபோல் சிரித்தாள். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார். கடையில் தொங்கும் பன்றிப் பாதியைத் தோளில் தூக்குகிறவர்கள் காலை அகற்றி வைத்து, மூச்சைப் பிடித்து, முதுகை நிமிர்த்துவார்கள். அவரும் அப்படியே காலை அகற்றி வைத்து, ஒரு கையை அவள் முதுகுக்கும் இன்னொரு கையை முழங்காலுக்கும் கீழே கொடுத்து, மூச்சைப் பிடித்துத் தூக்கினார். எதிர்பார்த்த கனம் கையில் வரவில்லை. தூக்கிய வேகத்தில் பின்னால் சாய்ந்து, சுவரில் தோள் முட்டித்தான் நின்றார். மெதுவாக, மெதுவாக என்றாள் அவள். சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டாள்.

கொட்டில் சுவரோரம் நிழல் இருந்தது. அவர்கள் வருகிற சத்தம் கேட்டுப் பன்றி எழுந்து வந்தது. அவரைப் பொருட்படுத்தவே இல்லை. மூக்கைத் தூக்கி மோப்பம் பிடித்துவிட்டு நேராக அவள் கைக்கு வந்தது. இன்னும் கொஞ்சம் தாழ்த்தச் சொன்னாள். அவர் முழங்காலை மடக்கினார். அவள் கையை நீட்டி அதன் காதுக்குப் பின்னால் சொறிந்துகொடுத்தாள். வளையல் முழங்கைக்கு மேலே ஏறி நின்றது. புட்டிப்பால் குடித்த காலத்தில் செய்ததுபோல் அது கண்ணை மூடிக்கொண்டு உறுமியது. பிறகு அவள் கையை எடுத்துக்கொண்டு, தலையைச் சாய்த்து, ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். அவளுடைய பழைய பார்வை அது. உடம்பில் எல்லாம் போன பிறகும் அது மட்டும் அப்படியே இருந்தது.

"உயிரோட நூத்தஞ்சு. தலையும் குடலும் போனா எழுபத்தஞ்சு நிக்கும். கறி அம்பத்தாறு" என்றாள். மூச்சு வாங்கியது. "தொடை நல்லா எறங்கியிருக்கு. அம்பத்தேழே சொல்லலாம். சரி, நீங்க சொல்லுங்க."

அவர் பன்றியைப் பார்த்தார். நாள் முழுதும் பார்க்கிற உருப்படிதான். கண்ணுக்கு முன்னால் முதுகும் விலாவும் தொடையும் இருந்தன. ஆனால் ஒரு எண்ணும் வரவில்லை. அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்றார். அதெல்லாம் ஆட்டத்தில் கிடையாது, மனசுக்குள் ஒன்று வைத்திருப்பீர்களே, அதைச் சொல்லுங்கள் என்றாள். அவர் அம்பது என்றார். வாய்க்கு வந்ததைச் சொன்னார். அவளுக்கு அது பிடித்திருந்தது. ஏழு கிலோ தள்ளிச் சொல்கிற ஆளை வைத்துக்கொண்டு கடைக்காரர் எப்படித்தான் பிழைக்கிறாரோ என்றாள். இந்த வாரம் பாத்திரம் யார் தேய்ப்பது என்பது முடிவாகிவிட்டது என்றாள். பேசப் பேசக் குரல் தேய்ந்து, அவள் தலை அவர் தோளில் வந்து சாய்ந்தது.

அவர் அப்படியே நின்றார். ஒரு தவிட்டு மூட்டையைக் கொல்லைவரை தூக்கி வந்தாலே தோள்பட்டை பிடித்துக்கொள்கிற வயது அவருக்கு. இவ்வளவு நேரமாகியும் கையில் ஒரு நடுக்கமில்லை, இடுப்பில் ஒரு பிடிப்பில்லை. இப்படியே சாயங்காலம்வரை நிற்கலாம்போல் இருந்தது.

"எவ்ளோ நேரமா தூக்கிட்டு நிக்கிறீங்க" என்றாள் அவள், கண்ணைத் திறக்காமலே. "கை வலிக்குதா?"

"ரொம்ப வலிக்குது" என்றார்.

அவள் முகத்தில் ஒரு சின்னத் திருப்தி வந்தது. இறக்கிவிடச் சொல்லவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் பன்றி, இன்னும் சொறிந்துவிடுவார்கள் என்று நினைத்து, நிழலில் தொப்பென்று ஒருக்களித்து விழுந்து, வெளுத்த வயிற்றை அவர்கள் பக்கமாகத் திருப்பிக் காட்டிக்கொண்டு படுத்தது.